வீட்டுக்கு வீடு அதே தசாவதாரம்... கொலு பொம்மைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது ஏன்?

துறையூரில் எங்கள் வீட்டுக் கொலுவில் ஏழு படி. மேல் படியில் கலசம், அதற்குக் கீழே தசாவதாரம், அஷ்டலட்சுமி, அறுபடை வீடு, கல்யாண செட் என்று வரிசையாக இருக்கும். கடைசிப் படியில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பஸ். சின்ன வயதில் நானும் அண்ணனும் சேர்ந்து அதன் நெற்றியில் 'துறையூர் - திருச்சி' என்று பேப்பர் ஒட்டினோம். வழியில் மண்ணச்சநல்லூர் என்று ஒரு போர்டு கூட வைத்திருந்தோம்.

சுண்டல் வாங்க வருபவர்கள் தசாவதாரத்தைப் பார்த்து "அழகா இருக்கு" என்பார்கள். ஆனால் நின்று, குனிந்து, சிரித்துப் பார்ப்பது அந்த பஸ்ஸைத்தான். "இது எத்தனை மணி பஸ்ஸு?" என்று கேட்காத ஆள் இல்லை.

காரணம் ரொம்ப சிம்பிள். தசாவதாரம் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இருக்கிறது. அதே நீல நிறம், அதே மஞ்சள் வேட்டி, அதே முகம்.

நவராத்திரி நெருங்கும்போதெல்லாம் கொலு வைப்பவர்கள் மத்தியில் வரும் பேச்சுதான் இது. "புதுசா ஒண்ணுமே இல்ல... எல்லா கடையிலும் அதே செட்டுதான்!" உண்மையிலேயே அப்படியா? அப்படியென்றால் அதற்கு யார் காரணம்? புதுசாக ஒரு பொம்மை செய்தால் அந்தக் கலைஞருக்கு என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

கொலு ஒரு 'கலெக்‌ஷன்' தானே?

கொலு பக்தி சார்ந்த விஷயம். அதே சமயம், தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் மிகப்பெரிய பொம்மை சேகரிப்பும் அதுதான். வருடத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத விதி. பாட்டி வாங்கியது, அம்மா கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி, போன வருடம் வாங்கியது என்று ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. உடைந்தால் ஒட்டி வைப்போம். பழைய வேட்டியில் சுற்றி பரணில் ஏற்றுவோம். உலகத்தில் பொம்மை சேகரிக்கும் எல்லோரும் செய்வது இதைத்தான்.

இந்தப் பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன? காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரை பக்கம் விளாச்சேரி, சென்னை கொசப்பேட்டை ஆகியவை பெயர் பெற்ற இடங்கள். துறையூர், முசிறி பக்கம் இருப்பவர்கள் பெரிய அளவில் வாங்க வேண்டுமென்றால் திருச்சிக்கு பஸ் ஏறுவார்கள். சிங்காரத்தோப்பு பூம்புகார் விற்பனை நிலையத்தில் நவராத்திரிக்கு கொலு பொம்மை கண்காட்சி நடக்கும். பூம்புகார் என்பது 1973-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் விற்பனைப் பெயர்.

இத்தனை ஊரில் இருந்து பொம்மை வருகிறது. அப்புறம் ஏன் எல்லாம் ஒரே மாதிரி?

எல்லாம் 'அச்சு' செய்யும் வேலை

பதில் அச்சில் இருக்கிறது. கொலு பொம்மையில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகக் கையால் செதுக்கப்படுவதில்லை. முதலில் ஒரு கலைஞர் களிமண்ணில் மூல உருவத்தைச் செய்வார். அதன் மீது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று அச்சு எடுப்பார்கள். பிறகு அந்த அச்சில் களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி எடுத்து, இரண்டு பாதியையும் ஒட்டி, காய வைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, வர்ணம் அடிப்பார்கள். மண் பொம்மை என்றால் சூளையில் சுடும் வேலையும் உண்டு.

இதில் கஷ்டமான வேலை முதல் உருவம்தான். முகபாவம், கை வளைவு, நகை, அளவு எல்லாமே அங்கே முடிவாகிவிடும். அதற்கு நாள் கணக்கில் உழைப்பு தேவை. அந்த உழைப்பும் அச்சுச் செலவும் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால், அந்த ஒரு உருவம் நிறைய எண்ணிக்கையில் விற்க வேண்டும்.

இப்போது கலைஞர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வருடம் முழுக்க செய்வதை விற்க ஒரு சில வாரங்கள்தான் கிடைக்கும். மழை வந்தால் பொம்மை காயாது. மொத்த வியாபாரி முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கும்போது, போன வருடம் எது போனதோ அதையேதான் கேட்பார். தசாவதாரம் போகும், அஷ்டலட்சுமி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதிய உருவம் போகுமா என்பது யாருக்கும் தெரியாது. விற்காமல் தேங்கினால் அந்த நஷ்டம் கலைஞர் தலையில். அப்புறம் அவர் எதைச் செய்வார்?

'செட்' கணக்கு

இன்னொரு காரணம் 'செட்' வியாபாரம். தசாவதாரம் என்றால் பத்து, அஷ்டலட்சுமி என்றால் எட்டு, அறுபடை வீடு என்றால் ஆறு. ஒரே பில்லில் ஒரு படி நிறைந்துவிடும். கடைக்காரருக்கும் சௌகரியம், வாங்குபவருக்கும் சௌகரியம். 'இதில் ஒண்ணு இல்லையே' என்ற குறையும் இருக்காது.

ஆனால் தனிப் பொம்மையைத் தேடி எடுக்கும் பழக்கம் இதனால் குறைகிறது. கீரை விற்கும் பாட்டி, கிளி ஜோசியர், பலசரக்குக் கடையோடு உட்கார்ந்திருக்கும் செட்டியார்-ஆச்சி மாதிரியான பொம்மைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் படியில் இடம் மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு வாய்ப்பு.

தீம் கொலு வந்ததே... அது புதுசு இல்லையா?

புதுசுதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

2019-ல் காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்திவரதர் தரிசனம் நடந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள். அடுத்து வந்த நவராத்திரியில் எங்கு பார்த்தாலும் அத்திவரதர். சயன கோலத்தில் ஒன்று, நின்ற கோலத்தில் ஒன்று. 2020-ல் மாஸ்க் போட்ட டாக்டர் பொம்மையோடு கொரோனா கொலு. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே தரையிறங்கியது. அக்டோபரில் கொலுப் படிகளிலும் ராக்கெட் ஏறியது. 2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் திறப்பு. அந்த வருடம் பால ராமர்.

ஒவ்வொன்றும் முதல் வீட்டில் பார்க்கும்போது "அட!" என்று இருக்கும். ஐந்தாவது வீட்டில் பார்க்கும்போது அதுவும் இன்னொரு தசாவதாரம் ஆகிவிடும். செய்தியில் வருவதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். அதனால் எல்லோருக்கும் ஒரே யோசனை வருகிறது. கொலுப் போட்டிகளும், ரீல்ஸும் இதை இன்னும் வேகமாக்குகின்றன. வெற்றி பெற்ற கொலுவை அடுத்த வருடம் பத்துப் பேர் செய்வார்கள்.

செய்தி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டு இதைச் சொல்வதில் கொஞ்சம் கூச்சம்தான். 'வித்தியாசமான கொலு' என்று தலைப்பு போட்டு இந்த மாதிரி போட்டோக்களை வரிசையாக அடுக்குவது எங்களைப் போன்ற டெஸ்க்குகள்தான்.

வெளிநாட்டிலும் இதே புலம்பல்

பொம்மை சேகரிப்பவர்கள் இருக்கும் இடமெல்லாம் இந்த அலுப்பு உண்டு. 1999-ல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் கை, கால், கழுத்து எல்லாம் மடக்கக்கூடிய 'சூப்பர் டால்ஃபி' பொம்மைகளைக் கொண்டு வந்தது. வாங்குபவரே தலைமுடி, கண், உடை எல்லாம் தேர்வு செய்து, பெயர் வைத்து, ஒரு கதாபாத்திரத்தையே உருவாக்கலாம். அவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் என்ன ஆனது? ரத்தக் காட்டேரி, கூர்காது தேவதை, கடல்கன்னி, சோகமான கடந்த காலம் கொண்ட இளவரசன் என்று திரும்பத் திரும்ப அதே பாத்திரங்கள் வருவதாக அந்த வட்டத்தில் கிண்டல் செய்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஜப்பானிலேயே உண்டு. மார்ச் 3-ம் தேதி நடக்கும் ஹினா மட்சுரி. நம் கொலு மாதிரியே படி வைத்து பொம்மை அடுக்குவார்கள். முழு அளவில் வைத்தால் ஏழு படி, 15 பொம்மை. மேலே பேரரசர்-பேரரசி, அதற்குக் கீழே மூன்று பணிப்பெண்கள், ஐந்து இசைக்கலைஞர்கள் என்று இடம் கூட நிர்ணயிக்கப்பட்டது. அங்கே "ஏன் எல்லா வீட்டிலும் ஒரே பொம்மை?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சடங்கே அந்த 15 பொம்மைகள்தான்.

நம் கொலு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாறாத பகுதியும் உண்டு, மாற வேண்டிய பகுதியும் உண்டு. நாம் கவனிக்காமல் விட்டது இரண்டாவதை.

படி முறையே என்ன சொல்கிறது?

கொலுப் படிக்குப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று இருக்கிறது. கீழ்ப் படியில் செடி, கொடி. அடுத்து சங்கு, நத்தை, எறும்பு, வண்டு, பறவை, விலங்கு. அதற்கு மேல் மனிதர்கள். பிறகு மகான்கள். கடைசியில் தெய்வங்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியலைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு உடனே புரியும்.

இந்த முறைப்படி பார்த்தால் தெய்வ உருவங்களுக்கு உள்ள இடம் மேலே சில படிகள்தான். கீழே பாதிக்கு மேல் நம் ஊர், நம் மரம், நம் மனிதர்கள். ஆனால் கடையில் விற்பது பெரும்பாலும் தெய்வ செட். விளைவு, எல்லாப் படியிலும் சாமி ஏறிவிடுகிறது. ஊர் இறங்கிவிடுகிறது.

அதாவது புதுமைக்கு இடம் கேட்டு மரபோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. மரபே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

சாமி பொம்மையிலும் புதுசு வருமா?

தாராளமாக வரும். கிருஷ்ணன் கதையில் எத்தனையோ காட்சிகள். சந்தையில் அதிகம் கிடைப்பது வெண்ணெய்க் கிருஷ்ணன், புல்லாங்குழல் கிருஷ்ணன், காளிங்க நர்த்தனம். அலுப்புத் தட்டுவது கிருஷ்ணன் அல்ல, அந்த மூன்று அச்சு.

திருச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விபீஷணன் ரங்கநாதரை எடுத்துக்கொண்டு வருகிறான். காவிரிக் கரையில் ஒரு சிறுவன் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மலை மேல் ஓடுகிறான். அந்தச் சிறுவன்தான் உச்சிப் பிள்ளையார் என்பது தல கதை. ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் ஒரே கதையில்! அதே மலைக்கோட்டையில், பிரசவ நேரத்தில் காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் போக, சிவனே தாய் வடிவில் வந்து பார்த்துக்கொண்ட தாயுமானவர் கதை. இவற்றை எத்தனை கொலுவில் பார்த்திருப்போம்?

ஸ்ரீரங்கத்துக்கு வரலாறே ஒரு முழு கொலு. 1323 படையெடுப்பின்போது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மறைந்து போனவர்கள், அவர்களோடு சென்ற முதியவர் பிள்ளை லோகாசாரியார், பல பத்தாண்டுகள் கழித்து 1371-ல் பெருமாள் திரும்பி வந்தது என்று காட்சி காட்சியாக வைக்கலாம். கடைசியில் 1987-ல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம். நவராத்திரியில் ரங்கநாயகித் தாயாரைச் சேவிக்கப் போகும் குழந்தைக்கு, வீட்டுக் கொலுவில் இந்தக் கதை தெரிந்திருந்தால் அந்தக் கோயிலே வேறு மாதிரி தெரியும்.

துறையூருக்கு? 'தென் திருப்பதி' என்று அழைக்கப்படும் பெருமாள் மலை இருக்கிறது. நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில்தான் வரும். புரட்டாசி சனிக்கிழமை அந்த மலைப் படிகளில் ஏறும் கூட்டமே ஒரு கொலு. பக்கத்தில் பச்சைமலை, குச்சிக்கிழங்கு ஏற்றி இறங்கும் வண்டிகள், ஊருக்குள் பெரிய ஏரி, போகிற வழியில் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில். செய்ய ஆள் இருந்தால் செட்டுக்கா பஞ்சம்?

புதுசா செய்தால் காப்பி அடிப்பார்களே?

பிரச்னையின் மையம் இதுதான். ஒரு கலைஞர் துணிந்து புதிய உருவம் செய்கிறார். நன்றாக விற்கிறது. அந்தப் பொம்மையில் ஒன்றை வாங்கி, அதன் மீதே அச்சு எடுத்து, அடுத்த சீசனில் இன்னொருவர் குறைந்த விலைக்கு விற்கலாம். மூல உருவத்துக்கு உழைத்தவருக்கு ஒரு பைசா வராது. சட்டம் என்ன சொல்கிறது?

* பதிப்புரிமைச் சட்டம், 1957: சிற்பம் இந்தச் சட்டப்படி கலைப்படைப்பு. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் பிரிவு 15-ல் ஒரு கொக்கி. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பிரதி எடுத்துவிட்டால், அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை போய்விடும். அச்சில் எடுக்கும் கொலு பொம்மைக்கு இது பொருந்துமா என்பது வாதத்துக்குரிய கேள்வி. ஆனால் 50 என்பது ஒரு கலைஞருக்கு ஒரு வார வேலை கூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

* வடிவமைப்புச் சட்டம், 2000: பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். முதலில் விற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் பதிவு செய்யலாம் என்றால் பொதுவாக நடக்காது. எது விற்கும் என்றே தெரியாத நிலையில் ஒவ்வொரு உருவத்துக்கும் முன்கூட்டியே செலவு செய்து பதிவது சிறு குடும்பத் தொழிலுக்குக் கஷ்டம்.

* புவிசார் குறியீடு: தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, ஆந்திராவின் கொண்டப்பள்ளி, கர்நாடகாவின் சென்னபட்டணா பொம்மைகளுக்கு இது கிடைத்திருக்கிறது. இது ஊரின் பெயரையும், செய்முறையால் வந்த தனித்தன்மையையும் காக்கும். ஒரு தனிக் கலைஞர் கண்டுபிடித்த ஒரு புதிய உருவத்தைக் காக்காது.

தசாவதாரம் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதனால் காப்பி பயமும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், இன்றைய நிலையில் புதுசாக யோசிப்பவருக்கு ரிஸ்க். பழசையே செய்பவருக்கு ரிஸ்க் இல்லை. கடையில் நாம் பார்க்கும் ஒரே மாதிரி முகங்களுக்கு இதுதான் பெரிய காரணம்.

இதில் நமக்கு என்ன நஷ்டம்?

வாங்குபவருக்கு அலுப்பு மட்டும்தான். கலைஞருக்கு அதைவிடப் பெரியது போகிறது. மூல உருவம் செய்யத் தெரிந்த கைக்கு வேலை குறைந்தால், அந்தக் கை அடுத்த தலைமுறைக்கு வராது. அச்சு இருந்தால் யார் வேண்டுமானாலும் பொம்மை எடுக்கலாம். முகத்தை உருவாக்கத் தெரிந்தவர் போய்விட்டால், நம்மிடம் மிஞ்சுவது தேய்ந்த அச்சுகள். அச்சு தேயத் தேய பொம்மையின் மூக்கும் கண்ணும் மழுங்கும். பாட்டி காலத்துப் பொம்மையின் முகத்தையும் இப்போதைய பொம்மையின் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தசாவதாரத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பத்து அவதாரத்தையும் வரிசையாகச் சொல்லக் குழந்தைகள் கற்றுக்கொள்வதே கொலுப் படியில்தான். திரும்பத் திரும்ப வருவதற்கும் ஒரு பலன் உண்டு. ஆனால் அது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே! இரண்டாவது செட் எதற்கு?

1. இந்த வருடம் செட் வேண்டாம், ஒரு தனிப் பொம்மை என்று முடிவு செய்யுங்கள். யார் வீட்டிலும் பார்க்காத ஒன்று.

2. செய்பவரிடம் நேரடியாக வாங்க முடிந்தால், "இந்த வருஷம் நீங்களே புதுசா பண்ணது எது?" என்று கேளுங்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னால், அது மூல உருவத்துக்கான கூலி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3. நான்கைந்து வீடு சேர்ந்தால் உங்கள் ஊர்க் கதையை ஒரு செட்டாக முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கலாம். ஆவணியில் கேட்டால் நடக்காது. தை, மாசியிலேயே கேட்க வேண்டும்.

4. கொலுப் போட்டி நடத்துபவர்கள், படி எண்ணிக்கைக்கும் செலவுக்கும் மார்க் போடாமல், 'சொந்தமாகச் செய்த ஒரு பொம்மை'க்கு ஒரு பரிசு வைக்கலாம். செய்தவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லலாம்.

5. கீழ்ப் படியைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். களிமண், தீப்பெட்டி, பழைய கார் எதுவாக இருந்தாலும் சரி.

எங்கள் வீட்டு பஸ்ஸுக்கு இப்போது ஒரு சக்கரம் இல்லை. கீழே ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். போன நவராத்திரியில் பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல கண்டக்டரே இல்லயே?" என்றான். அடுத்த நாள் களிமண்ணில் விரல் அளவுக்கு ஒரு கண்டக்டரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். மூக்கு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ஆனால் அப்படி ஒரு கண்டக்டர் வேறு எந்தக் கொலுவிலும் இல்லை.